கூட வருவது எது?

ஆடி பிறந்துவிட்டால் பெரம்பலூர் கல்யாண மண்டபங்களின் வாசலில் வாழைமரம் இருக்காது. ஆனி கடைசி முகூர்த்தத்தில் எடுத்ததை முடித்துக் கொடுத்துவிட்டால், ஆவணி வரும்வரை எங்களைத் தேடி வருகிறவர்கள் குறைவு. அம்மன் கோயில் திருவிழா, கூழ் ஊற்றுவது என்று ஒன்றிரண்டு வரும். கல்யாண வீடியோ தொகுப்பவர்களுக்கு இப்படி மூச்சுவிடக் கிடைக்கும் பெரிய இடைவெளிகள் ஆடியும் மார்கழியும்தான். மார்கழியை நம்ப முடியாது, தை வந்து கழுத்தைப் பிடிக்கும். ஆகவே கணினி மாற்றுவது, மென்பொருள் மாற்றுவது, புதிதாக ஒன்றைக் கற்பது எல்லாவற்றையும் ஆடிக்கு என்று ஒதுக்கி வைத்திருப்போம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று வயலுக்குச் சொன்ன சொல் எங்கள் தொழிலுக்கும் பொருந்திவிட்டது.

இந்த ஆடியில் நான் எடியஸ் என்ற தொகுப்பு மென்பொருளை விட்டு ரிசால்வ் என்ற இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருக்கிறேன். நடுவில் இரண்டு ஆண்டுகள் வேறொன்றில் வேலை செய்தது போக, பதினைந்து ஆண்டுப் பழக்கம் எடியஸோடு. மாறுவது கஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கஷ்டம் எங்கே இருக்கிறது என்பதை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விசையிலிருந்து தொடங்குகிறேன். எடியஸில் சி என்ற விசையைத் தட்டினால், காலக்கோட்டில் கோடு எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்திலேயே காட்சி இரண்டாகிவிடும். பிரீமியர் என்ற இன்னொரு மென்பொருளில் அதே சி விசை பிளேடைக் கையில் எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். வெட்டுவதற்கு அந்த இடத்தில் போய் இன்னொரு முறை சொடுக்க வேண்டும். ரிசால்வில் பிளேடுக்கு பி விசை. இதை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். நானும் ஒட்டியிருக்கிறேன். ஆனால் தாலி கட்டும் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் தாளைப் பார்ப்பதில்லை.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மூன்று கேமரா. ஒன்று மணமேடைக்கு நேரே, ஒன்று பெண்ணின் பக்கவாட்டில், ஒன்று கூட்டத்தைப் பார்த்து. ஐயர் கையைத் தூக்கிக் காட்டுகிறார். கெட்டிமேளம். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுகிறார். பின்னால் நிற்கும் நாத்தனார் கை வந்து மற்ற முடிச்சுகளைப் போடுகிறது. அட்சதை பறக்கிறது. இதற்குள் எங்கேயோ ஒரு நொடி, பெண்ணின் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்துவார். எல்லாக் கல்யாணத்திலும் அப்படி ஒரு நொடி உண்டு, அழுத்துகிற ஆள் வேண்டுமானால் மாறலாம். அந்த முகத்துக்கு எப்போது போவது, எப்போது மேடைக்குத் திரும்புவது என்பதை யோசித்துச் செய்ய முடியாது. மேளத்தின் அடி காதில் விழுகிற கணத்தில் விரல் தானாகப் போக வேண்டும். விரல் போகிறது. சி விசையைத் தட்டுகிறது. காட்சி வெட்டுப்படாமல் ஓடிப் போய்விடுகிறது. நிறுத்தி, திரும்ப வந்து, பி விசை என்று நினைவுபடுத்திக்கொண்டு வெட்டுவதற்குள் அந்த அடி என் காதில் பழையதாகிவிட்டது.

நேரம் வீணாவதை நான் பெரிதாக நினைக்கவில்லை. பத்து மணி நேர வேலை பதினாறு மணி நேரமானால் தூக்கத்தைக் குறைத்துச் சரிக்கட்டிவிடலாம். கண் கண்டதற்கும் கை செய்வதற்கும் நடுவில் ஒரு யோசனை வந்து உட்கார்ந்துகொள்வதுதான் வலிக்கிறது. பதினைந்து ஆண்டுகளாக நடுவில் எதுவும் இல்லாமல் இருந்தது.

நாகசுரம் வாசிப்பவர்களுக்கு இது புரியும். முன்பு திமிரி நாகசுரம்தான் பெருவழக்கு. குட்டையானது, சுருதி உயரம். நீளமும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாகசுரத்தைக் கச்சேரியில் நிலைநிறுத்தியவர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை. குழல் நீண்டால் துளைகளின் இடைவெளி மாறும், விரல் போய் உட்காரும் இடம் மாறும், மூச்சுக் கணக்கு மாறும். ராகம் மட்டும் அதேதான். ஆனால் பாரியின் குரலில் அந்த ராகம் வேறொரு ஆழத்துக்குப் போயிற்று என்பதைக் கேட்டவர்கள் அறிவார்கள். கருவி மாறும்போது போவதும் உண்டு, வருவதும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

எங்கள் வேலைக்கு இந்தப் பக்கத்தில் 'மிக்சிங்' என்று பெயர். "மிக்சிங் முடிஞ்சிருச்சாண்ணே?" என்றுதான் கல்யாண வீட்டார் போன் செய்வார்கள். எடிட்டிங் என்று யாரும் கேட்பதில்லை. அரியலூரில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் வி.எச்.எஸ். காலத்தவர். இரண்டு டெக், நடுவில் ஒரு வீடியோ மிக்சர். ஒரு டெக்கில் ஓடும் படத்தை மிக்சர் வழியாக இன்னொரு டெக்கில் பதிய வேண்டும். நடுவில் ஒரு காட்சியை மாற்ற வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் மறுபடி பதிய வேண்டும். அந்த மிக்சர் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் எங்கள் வாயில் தங்கிவிட்டது. அண்ணன் டெக்கிலிருந்து கணினிக்கு வந்தார், டேப்பிலிருந்து மெமரி கார்டுக்கு வந்தார், ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு வந்தார். போன வாரம் அவரைப் பார்க்கப் போனபோது என் புலம்பலை முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கை மறந்துரும் தம்பி, அது மறக்கத்தான் செய்யும். அழுவுற மொகத்த எப்ப காட்டி எப்ப எடுக்கணுங்கிறது மறக்காது. அது கையில இல்ல."

இது ஆறுதலுக்குச் சொன்ன பேச்சு என்றுதான் அப்போது நினைத்தேன்.

எடியஸ் எப்படி எங்கள் ஊர்களில் வேர்விட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானின் கோபே நகரத்து கேனோபஸ் நிறுவனத்தின் தயாரிப்பு அது. 2005-இல் அந்த நிறுவனத்தைத் தாம்சன் வாங்கித் தன் கிராஸ் வேலி பிரிவோடு சேர்த்தது. கல்யாண வீடியோக்காரனுக்கு வாய்க்கும் சரக்கு எப்போதும் கதம்பமாக இருக்கும். ஒரு கேமரா ஒரு கம்பெனி, இன்னொன்று வேறு கம்பெனி, மாப்பிள்ளையின் நண்பர் செல்போனில் எடுத்தது ஒன்று. எல்லாவற்றையும் ஒரே காலக்கோட்டில் போட்டு, ரெண்டர் செய்யக் காத்திருக்காமல், சாதாரணக் கணினியில் ஓட்டிப் பார்க்க முடிந்ததுதான் எடியஸின் பலம். அதோடு ஆயத்த 'ப்ராஜெக்ட்'டுகள் வந்தன. பூ விரிந்து அதற்குள் மணமக்கள் முகம் தெரிவது, கோபுரம் சுழன்று பெயர் வருவது எல்லாம் தயாராக இருக்கும், படத்தை மட்டும் மாற்றினால் போதும். எங்களில் பலர் தொழில் கற்றது உரிமம் இல்லாத பிரதியில் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். உரிமம் வாங்கும் அளவுக்குச் சம்பாதித்த பிறகு வாங்கினோம்.

அப்படியானால் ஏன் மாற வேண்டும்? காரணங்கள் பல. கேமராக்கள் மாறிவிட்டன, வாடிக்கையாளர் கண்ணும் மாறிவிட்டது. சினிமாவில் பார்க்கிற நிறம் தன் கல்யாணத்திலும் வேண்டும் என்று பெண் கேட்கிறாள். பணமும் ஒரு காரணம். 2013-இல் பிரீமியரின் நிறுவனமான அடோபி தன் மென்பொருள்களைச் சந்தா முறைக்குக் கொண்டுபோனது. சந்தா என்பது மாதச் சம்பளக்காரருக்கு ஏற்ற ஏற்பாடு. முகூர்த்த நாளை நம்பிப் பிழைக்கிறவனுக்கு ஆடியிலும் மார்கழியிலும் வரவு இல்லை, செலவு மட்டும் தேதி தவறாமல் வரும். டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பாகவும் கிடைக்கிறது. முழுப் பதிப்புக்கு ஒரே முறை 295 டாலர். 1980-களில் டாவின்சி நிறச்சீரமைப்புக் கருவியாகப் பிறந்து, பெரிய ஸ்டூடியோக்கள் மட்டுமே வைத்திருந்த ஒன்று, 2009-இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனத்தின் கைக்குப் போய், படத்தொகுப்பையும் சேர்த்துக்கொண்டு, பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை வரைக்கும் வந்திருக்கிறது. இது நல்ல செய்திதான்.

பிறப்பு எங்கேயோ அங்கேதான் ஒவ்வொரு மென்பொருளின் குணமும் இருக்கிறது. ரிசால்வ் நிறத்தில் பிறந்தது. பதினைந்து ஆண்டுகள் நிறத்தைக் கடைசி வேலையாக வைத்திருந்தவன் நான். வெட்டி முடித்த பிறகு கொஞ்சம் வெளிச்சம் ஏற்றிக் கொடுப்பேன். இப்போது நிறத்துக்கென்றே தனிப் பக்கம் திறந்து நிற்கும்போது, மண்டபத்து எல்.இ.டி. விளக்கு தாலிக்கயிற்றின் மஞ்சளை எப்படிப் பச்சையாக்கிவிடுகிறது என்பதைப் பார்க்கிறேன். இத்தனை ஆண்டுகள் எத்தனை மஞ்சளைப் பச்சையாகவே கொடுத்திருக்கிறேன் என்று மனம் அடித்துக்கொள்கிறது. எடியஸ் என் கைக்கு வேகம் கற்றுக்கொடுத்தது. புதியது என் கண்ணை வேறொரு இடத்துக்குத் திருப்புகிறது.

சினிமாவில் இந்த மாற்றம் எங்களுக்கு முன்பே நடந்தது. கோடம்பாக்கத்தில் படச்சுருளைக் கையால் தொட்டு, ஒளியில் பிடித்துப் பார்த்து, வெட்டி, ஒட்டி வேலை செய்த தலைமுறை இருந்தது. மூவியோலாவும் ஸ்டீன்பெக்கும் அவர்களது இயந்திரங்கள். 1994-இல் வந்த 'மகாநதி' அவிட் என்ற கணினித் தொகுப்புக் கருவியைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படம் என்று சொல்லப்படுகிறது. அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் பிலிம் வெட்டும் மேசைகள் ஓரங்கட்டப்பட்டன. சுருளில் வெட்டிப் பழகிய தொகுப்பாளர்கள் விசைப்பலகைக்கு முன் வந்து உட்கார்ந்தார்கள்.

ஹாலிவுட்டில் தொகுப்பாளர் வால்டர் மர்ச் 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' படத்தைப் பிலிமில்தான் வெட்டத் தொடங்கினார். பாதி வேலையில் அவர் மகனுக்கு உடல்நிலை மோசமானது. வீட்டிலிருந்தே வேலை செய்ய வேண்டிய நிலையில் அவிடுக்கு மாறினார். பாதிப் படத்தில் கருவியை மாற்றுவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். கணினியில் தொகுக்கப்பட்டு, தொகுப்புக்கான ஆஸ்கர் வாங்கிய முதல் படம் என்ற பெயர் 1997-இல் அதற்குக் கிடைத்தது. பின்னர் 2003-இல் வந்த 'கோல்ட் மவுன்டன்' படத்தை அவரே ஃபைனல் கட் புரோவில் தொகுத்தார். ஒரு வெட்டு சரிதானா என்று பார்க்க அவர் ஆறு அளவுகோல்கள் சொல்கிறார். அதில் முதலிடம் உணர்ச்சிக்கு, 51 விழுக்காடு. கதை, தாளம், பார்வை போகும் திசை, இடத்தொடர்ச்சி எல்லாம் அதற்குப் பின்னால்தான். அந்த ஆறில் எதற்கும் எந்த விசைப்பலகையோடும் சம்பந்தம் இல்லை.

ஆனால் மாறுகிறவர் மர்ச்சாக இருந்தாலும் அரியலூர் அண்ணனாக இருந்தாலும், மாறும் நேரத்தைத் தானே தேர்ந்தெடுப்பது எப்போதும் நடப்பதில்லை. 2011 ஜூன் 21 அன்று ஆப்பிள் ஃபைனல் கட் புரோ எக்ஸ் என்ற புதிய பதிப்பை வெளியிட்டது. உலகம் முழுக்கத் தொகுப்பாளர்கள் கொதித்தார்கள். பழைய ஏழாம் பதிப்பில் செய்த வேலை எதுவும் புதியதில் திறக்கவில்லை. பல கேமராக் காட்சிகளை ஒருங்கே வெட்டும் வசதி இல்லை. வெட்டுப்பட்டியலை வெளியே எடுத்துக்கொண்டு போகவும் வழியில்லை. குறைகள் அடுத்தடுத்த மாதங்களில் சரிசெய்யப்பட்டன என்றாலும் அதற்குள் பலர் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். இதில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது ஒரு மனிதரை. ராண்டி உபிலோஸ். 1991-இல் முதல் பிரீமியரை எழுதியவர் அவர். பின்னர் அவர் தொடங்கிய வேலைதான் ஆப்பிளின் கைக்குப் போய் 1999-இல் ஃபைனல் கட் புரோவாக வந்தது. 2011-இல் அதை உடைத்துப் புதிதாக எழுதியவர்களுக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். ஒரே மனிதர் கட்டிய மூன்று வீடுகள், ஒரு வீட்டின் சாவி இன்னொன்றில் போடவில்லை.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். 2020-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்ற கொரியப் படம் 'பாரசைட்', ஆப்பிள் கைவிட்ட அந்தப் பழைய ஏழாம் பதிப்பில் தொகுக்கப்பட்டது. தொகுப்புக்கான பரிந்துரையும் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. புதியது வந்தால் பழையதில் நல்ல வேலை செய்ய முடியாது என்ற பயம் வேண்டாம் என்பதற்கு அது சாட்சி. மாறுவதும் மாறாமல் இருப்பதும் வேலை செய்கிறவர் முடிவாக இருக்க வேண்டும்.

எங்கள் மாவட்டக்காரர்களுக்குப் பெயர் மாறுவதும் எல்லை மாறுவதும் புதிதல்ல. 1995-இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-இல் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007-இல் மறுபடி பிரிந்தது. அரியலூர் அண்ணனின் ஸ்டூடியோ பில் புத்தகத்தில் மாவட்டத்தின் பெயர் மூன்று முறை அடித்து எழுதப்பட்டிருக்கிறது. கடை இருந்த இடத்திலேயேதான் இருந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் அதே வழியாகத்தான் சிமென்ட் ஆலைக்குப் போயின. ஆனால் ஒரு சான்றிதழுக்கோ பத்திரத்துக்கோ அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும், நிலம் நகராவிட்டாலும் காகிதம் இடம் மாறுவது எவ்வளவு பெரிய அலைச்சல் என்று.

சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான ஓர் உதாரணம் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் பாமினியிலோ வேறொரு எழுத்துருவிலோ தட்டச்சு செய்த கதையை இன்று திறந்து பாருங்கள். அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். கதை உள்ளேதான் இருக்கிறது, படிக்கத்தான் முடியாது. ஒருங்குறி பரவிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. எந்தக் கணினியில் எழுதினாலும் எந்தக் கணினியிலும் படிக்கலாம் என்று ஆனது. தட்டச்சு முறை தெரிந்தவர் தட்டச்சு முறையிலும், தமிழ்99 பழகியவர் அந்த முறையிலும் அடிக்கலாம். விரல் வேறுபட்டாலும் உள்ளே பதிவாகும் எழுத்து ஒன்றுதான். படத்தொகுப்புக்கு அப்படி ஒரு முழுமையான பொது எழுத்து இன்னும் வரவில்லை.

முழுமையாக வரவில்லை என்றுதான் சொன்னேன். கொஞ்சம் இருக்கிறது. வெட்டுப்பட்டியல் என்று ஒன்று உண்டு. நாங்கள் ஈ.டி.எல். என்போம். 1970-களில் டேப்பை வெட்ட வந்த சி.எம்.எக்ஸ். இயந்திரங்களின் காலத்திலிருந்து வரும் சொத்து அது. வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து கண்ணால் படிக்கலாம். ஒவ்வொரு வரியிலும் எந்தக் காட்சி, அது மூலத்தில் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, தொகுப்பில் எந்த இடத்தில் வந்து உட்காருகிறது என்பது மணி, நிமிடம், நொடி, சட்டம் என்று இருக்கும். எங்கள் கணக்கில் நொடிக்கு 25 சட்டங்கள். ஏறக்குறைய எல்லாத் தொழில்முறை மென்பொருளும் அதைப் படிக்கும். இன்னும் கொஞ்சம் அதிகம் சுமக்கக்கூடிய எக்ஸ்.எம்.எல்., ஏ.ஏ.எஃப். என்ற வடிவங்களும் இருக்கின்றன.

இந்த முறை ஒரு வேலையை எடியஸிலிருந்து ரிசால்வுக்கு எடுத்துக்கொண்டு போனபோது எது வந்தது, எது வரவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விரிகிற பூ வரவில்லை, சுழலும் கோபுரம் வரவில்லை. நான் ஏற்றிய வெளிச்சம், தமிழ் எழுத்தில் போட்ட பெயர்கள், ஆயத்த ப்ராஜெக்ட்டின் அலங்காரம் எதுவும் வரவில்லை. வெட்டுகள் வந்தன. மூன்றாவது கேமராவின் அம்மா முகம் எந்தச் சட்டத்தில் தொடங்கி எந்தச் சட்டத்தில் முடிந்ததோ, அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

அலங்காரம் எல்லாம் கழன்ற பின் திரையில் இருந்த அந்தக் காலக்கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டியிடும் இத்தனை நிறுவனங்களும் ஒத்துக்கொள்கிற ஒரே விஷயம் அதுதான்: எந்தக் காட்சி, எங்கிருந்து எங்கு வரை. நான் செய்ததில் எனக்குச் சொந்தமானதும் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் யாரோ செய்து வைத்ததை நான் எடுத்துப் போட்டது.

இனி ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்திரை முடிந்த சமயம், ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து வந்தாள். 2016-இல் அவள் கல்யாணத்தை நான்தான் தொகுத்தேன். இடுப்பில் குழந்தை இருந்தது. "தாத்தா போயிட்டாருண்ணா. கல்யாண வீடியோவுல அவரு நாலு செகண்டுதான் வர்றாரு. மிச்சம் எடுத்திருந்தீங்கன்னா வேணும்ணா, எவ்ளோ இருந்தாலும் சரி" என்றாள். மூலப்படங்களை நாங்கள் வழக்கமாக ஆறு மாதத்தில் அழித்துவிடுவோம், வட்டு வாங்கிக் கட்டுப்படியாகாது. என்ன காரணமோ அந்தக் கல்யாணத்தின் மூலம் ஒரு பழைய வட்டில் தங்கியிருந்தது. ப்ராஜெக்ட் கோப்பும் இருந்தது, ஆனால் திறக்கவில்லை. நான் வேறொரு மென்பொருளில் வேலை செய்த அந்த இரண்டு ஆண்டுகளில் செய்த வேலை அது. அந்தப் பதிப்பு இப்போது என்னிடம் இல்லை. வெட்டுப்பட்டியலை எடுத்து வைக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. குறை என்னுடையது.

ஆகவே முழுதாகத் திரும்ப வெட்டினேன். புதிய மென்பொருளில், தடுமாறும் விரலோடு, பழைய டி.வி.டி.யைப் பார்க்காமல் வெட்டினேன். முடித்த பிறகு ஓர் ஆர்வத்தில் பழைய டி.வி.டி. படத்தைக் கீழ் ட்ராக்கிலும் புதியதை மேலேயும் வைத்து ஒப்பிட்டேன். தாலி கட்டும் பகுதியில் பதினோரு வெட்டுகள். அதில் எட்டு, பழைய வெட்டிலிருந்து இரண்டு மூன்று சட்டங்களுக்குள் விழுந்திருந்தன. மூன்று சட்டம் என்றால் நொடியில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அண்ணன் சொன்னது ஆறுதல் பேச்சு இல்லை என்று அன்று இரவு தெரிந்தது.

மற்ற மூன்று வெட்டுகள் வேறு இடத்தில் இருந்தன. மூன்றும் தாத்தா வரும் இடங்கள். அன்று நான் அவரை நாலு நொடியில் கடந்துபோயிருக்கிறேன். மேடைக்கு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, கையில் அட்சதையை வைத்துக்கொண்டு, போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதைப் பார்த்து, பிறகு அதைத் தன் மடியிலேயே மெதுவாகக் கொட்டிக்கொள்கிறார் அவர். இருபத்திரண்டு நொடி. இந்த முறை முழுதாக விட்டேன். அன்று எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அட்சதை மேடையில் விழுவதுதான் காட்சி என்று நினைத்திருந்தேன்.

கை மறந்தது, கண் மறக்கவில்லை, நடுவில் அது கொஞ்சம் வளர்ந்தும் இருந்திருக்கிறது. மென்பொருள் மாற்றத்தைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். இதிலிருந்து இரண்டு விண்ணப்பங்கள் எனக்கு உண்டு.

முதலாவது, கற்றுக்கொடுப்பவர்களுக்கு. நம் ஊர்களில் பயிற்சி வகுப்பு மென்பொருளின் பெயரில்தான் நடக்கிறது. இதில் மூன்று மாதம், அதில் மூன்று மாதம் என்று பலகை வைக்கிறோம். சேரும் பிள்ளை எந்த விசை எதற்கு என்று படித்துவிட்டுப் போகிறான், அந்த விசை மாறும் நாளில் அவன் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. முதல் மாதம் ஒரே ஒரு கல்யாணக் காட்சியைக் கொடுத்து, இந்த முகத்தை எப்போது காட்டுவாய், ஏன், எப்போது எடுப்பாய் என்று கேளுங்கள். முன்னும் பின்னும் ஓட்டும் ஜே, கே, எல் விசைகளும் தொடக்கமும் முடிவும் குறிக்கும் ஐ, ஓ விசைகளும் நமக்குப் பழக்கமான எல்லா மென்பொருளிலும் ஒன்றுதான். அந்த ஐந்தை வைத்தே படத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கலாம். மற்ற விசைகளை ஓர் ஆடி மாதத்தில் படித்துவிடலாம்.

இரண்டாவது, என் தொழிலில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு. ஒரு வேலையை முடித்துக் கொடுக்கும் அன்றே வெட்டுப்பட்டியலை எடுத்து வையுங்கள். ஒரு கல்யாணத்தின் பட்டியல், ஒரு போட்டோ பிடிக்கும் இடத்தைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும். எழுத்தும் அலங்காரமும் இல்லாத ஒரு சுத்தப் பிரதியை, எங்கும் ஓடும் வடிவத்தில் தனியாக வையுங்கள். பெயர்களையும் பாட்டு வரும் இடங்களையும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் ஒருங்குறியில் எழுதுங்கள். மூலத்தை அழிக்கும் முன் அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டு, வட்டு வாங்கிக் கொடுத்தால் பதிந்து தருகிறேன் என்று சொல்லுங்கள். நம் அறையில் இருப்பது ப்ராஜெக்ட் கோப்பு என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்கு அது நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாத்தா.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. நேற்று தாலி கட்டும் காட்சி ஒன்றை வெட்டியபோது விரல் ஒரே ஒரு முறைதான் சி விசைக்குப் போனது.